வளைவின் பின்பக்கம்

மழை தூறலாகக் குறைந்த திங்கட்கிழமை காலை, ஏழு மணிச் சங்கு ஊதி முடிவதற்குள், பழைய சந்தையின் கல் வளைவு உட்கார்ந்துவிட்டது. விழுந்தது என்று யாராவது சொன்னால் மேஸ்திரிக்குக் கோபம் வரும். "விழுறது வேற, உட்காருறது வேற. ஒன்பது நாள் மழையில அடிமண்ணு கரைஞ்சுபோச்சு. அது என்ன பண்ணும் பாவம், நின்ன எடத்துலயே உட்கார்ந்துடுச்சு" என்பார். காய்கறி வண்டிகள் மழைக்குப் பயந்து கொட்டகைக்குள் ஒதுங்கியிருந்ததால் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மேஸ்திரி கல்வேலைக்காரர். வயது ஐம்பத்தொன்பது. முப்பது வருஷமாக, ஒவ்வொரு கோடைக்கும் அந்த வளைவின் விரிசல்களுக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசி வந்தவர் அவர்தான். செய்தி கேட்டு ஒரு காலில் செருப்போடு ஓடிப்போய் நின்றார். கொடிகளும் மயில்களும் செதுக்கிய கற்கள் சேற்றில் முகங்குப்புறக் கிடந்தன. அதற்கு முன்பே நகரசபை இன்ஜினியர் வந்து குடையோடு நின்றிருந்தார்.

"லாரி சொல்லியாச்சு மேஸ்திரி. புது ரோட்டுக்கு அடியில கொட்ட கல்லு தேவைப்படுது."

"இதையா? இதை உடைச்சா கொட்டப்போறீங்க?"

"பின்ன என்ன பண்ணச் சொல்றீங்க? முந்நூறு கல்லு. எது எங்க இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" இன்ஜினியர் கெட்ட மனுஷர் இல்லை. குடையை மேஸ்திரி பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். "ஒண்ணு சொல்றேன். அடுத்த வாரத்துக்கு அடுத்த புதன்கிழமை நகரசபை கூடுது. அதுக்குள்ள ஒவ்வொரு கல்லும் எந்த எடத்துக் கல்லுன்னு எழுத்துல காட்டிட்டீங்கன்னா, திருப்பிக் கட்டலாம்னு நானே எழுந்து பேசறேன். முன்பக்கம், பின்பக்கம் ரெண்டும் வேணும். பாதி வளைவு நிக்காது."

பதினாறு நாள் இருந்தது.

மேஸ்திரி வீட்டில் அப்போது நான்கு பேர். அவர், அவர் மனைவி, மருமகள், அவருடைய தங்கை. மகன் கப்பலில் வேலை; போனில் மட்டும் வருவான். மருமகள் பல் செட் செய்துகொடுக்கும் கூடமொன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். நோயாளியின் வாயைப் பல கோணங்களில் படமெடுத்து, அந்தப் படங்களை ஒன்றாகக் கோத்து, திருப்பிப் பார்க்கிற மாதிரி திரையில் ஒரு முழு வாயைக் கொண்டுவருவது அவள் தொழில். தங்கைக்கு நாற்பத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை. முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை, ஜன்னல் திரை, தலையணை உறை என்று எதற்கும் ஊர் அவளிடம்தான் வரும். தையல்காரம்மா என்றால் எல்லாருக்கும் தெரியும்.

அன்று மத்தியானம் மேஸ்திரி சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"மாமா, ஒரு யோசனை" என்றாள் மருமகள். "எந்தப் பல்லு எங்க இருந்துச்சுன்னு பழைய படத்தை வச்சுக் கண்டுபிடிக்கிறதுதானே என் வேலை? இதுவும் அதேதான். வாய் கொஞ்சம் பெருசு."

"பல்லும் கல்லும் ஒண்ணாம்மா?"

"கம்ப்யூட்டருக்கு ஒண்ணுதான். இந்த ஊர்ல அந்த வளைவு முன்னால நின்னு போட்டோ எடுக்காதவங்க யாரு? எல்லாரும் எடுத்ததைக் கொடுத்தாங்கன்னா, வளைவைத் திரையில நிமிர்த்தி நிறுத்திடலாம். அப்புறம் கீழ கெடக்குற ஒவ்வொரு கல்லையும் சுத்திச் சுத்திப் படமெடுத்து, எது எங்க பொருந்துதுன்னு பார்த்துக்கலாம்."

மேஸ்திரி கை கழுவக்கூட இல்லை. அப்படியே எழுந்து, "எங்க, இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

சந்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். போனுக்குப் போன் செய்தி பறந்தது. வளைவு தெரிகிற படம் எதுவானாலும் அனுப்பலாம். ஆள் அழகாக விழுந்திருக்கிறாரா என்பது முக்கியமில்லை, கல் விழுந்திருந்தால் போதும். முதல் நாள் நாற்பது படம் வந்தது. இரண்டாம் நாள் எழுநூறு. நான்காம் நாள் முடிவில் ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. கல்யாண ஜோடிகள், முதல் நாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், புது மோட்டார் சைக்கிளைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்கள், தேர்தலில் தோற்றுப்போனவர் ஒருவர் ஜெயித்த மாதிரி கையசைப்பது. மேஸ்திரியின் மனைவி சமையலறை மேஜையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒன்றுவிடாமல் பார்த்தாள்.

"இவ கல்யாணத்துக்கு நம்மளக் கூப்பிடவே இல்ல பாரேன்! என்னமோ சிக்கனமா பண்ணோம்னா. எவ்வளவு பெரிய பந்தல்!"

"அத்தை, நீங்க ஆளைப் பார்க்காதீங்க. படம் மங்கலா இருந்தா மட்டும் சொல்லுங்க."

"மங்கலா இருந்தாலும் இவ மூக்கு எனக்குத் தெரியாதா?"

சந்தைத் திடலில் வேறொரு வேலை நடந்தது. மேஸ்திரியும் அவரோடு வேலை பார்க்கும் ஆறு பேரும் கற்களைச் சங்கிலி போட்டுத் தூக்கி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, நம்பர் எழுதினார்கள். எண்பது கிலோ கல்லை வைத்துத் திருப்ப, பழைய லாரிச் சக்கரத்தின் அச்சை நட்டு, மேலே பலகை அறைந்து, ஒரு சுழல்பலகை செய்திருந்தார் மேஸ்திரி. கல்லை அதில் ஏற்றி, ஒரு சாண் திருப்பி ஒரு படம், இன்னொரு சாண் திருப்பி இன்னொரு படம். கல்லுக்கு முப்பத்தாறு படம். கைகள் மரத்துப்போயின. டீக்கடைக்காரர் கேட்காமலேயே டீ கொடுத்துவிட்டார். கழுவிய கல் நனையாமலிருக்கத் தங்கை தார்ப்பாய் உறைகள் தைத்து அனுப்பினாள்.

கழுவியபோதுதான் ஒன்று தெரிந்தது. கொடி, மயில் செதுக்கியவை முன்பக்கத்துக் கற்கள். மற்றவை கரி பிடித்த மொட்டைக் கற்கள். அவை பின்பக்கம். நூலகத்தில் இருந்த ஒரே புத்தகமும் பின்பக்கத்தைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தது: வேலைப்பாடு எதுவும் இல்லை. ஆனால் கரியைத் தேய்த்த இடத்தில், உள்ளங்கையில் அடங்குகிற அளவில், ஒரு கல்லில் சாவி இருந்தது. இன்னொன்றில் ஏணி. இன்னொன்றில் மீன். இரட்டைக் கோடு, கத்தரிக்கோல், காகம். மொத்தம் பதினொரு அடையாளங்கள்.

"யாரோ வேலைக்காரன் போட்டிருக்கான்" என்றார் மேஸ்திரி, விரலால் மீனைத் தடவியபடி. "எதுக்குப் போட்டான்னுதான் புரியல. முப்பது வருஷமா முன்பக்கத்தையே தடவிக் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். பின்னால ஒரு நாள் எட்டிப் பார்க்கல."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வளைவின் பின்பக்கம் ஐஸ் பாக்டரியின் சுவரை ஒட்டிய குறுகிய சந்து. பகலிலும் இருட்டு. உடைந்த கூடைகளும் ஈர வாடையும். சாரம் கட்ட இடமில்லை என்பதால் நகரசபையும் அந்தப் பக்கத்துக்கு வேலை சொன்னதில்லை.

ஏழாம் நாள் காலையில் மருமகள் எல்லாரையும் கூப்பிட்டாள். திரையில் மிளகைத் தூவின மாதிரி புள்ளிகள் தோன்றின. புள்ளிகள் நெருங்கின. அடியிலிருந்து மேலாக, கல்மேல் கல்லாக, வளைவு எழுந்து நின்றது. மயிலின் கொண்டைகூடத் தெரிந்தது. மேஸ்திரியின் மனைவி கரண்டியோடு கைதட்டினாள். மேஸ்திரி திரைக்கு மிக அருகில் போய், மூக்கு இடிக்க நின்றார்.

"சுத்தும்மா. அந்தப் பக்கம் காட்டு."

மருமகள் திருப்பினாள். பின்பக்கம் எதுவுமில்லை. முன்முகம் மட்டும், பின்னால் வெறுங்கூடாக, காற்றில் தொங்கியது.

"ஒரு படம்கூட வரலையா?"

"ரெண்டு வந்துச்சு மாமா. ஒண்ணுல பூனை. இன்னொண்ணுல பஞ்சர் ஆன லாரி டயர். கல்லே இல்ல."

ஐஸ் பாக்டரி ஆட்களைக் கேட்டார்கள். லாரி டிரைவர்களைக் கேட்டார்கள். அங்கே போய் யார் படமெடுப்பார்கள் என்று எல்லாரும் சிரித்தார்கள். முன்னறையில் தையல் மிஷின் சத்தம் நின்றிருந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை மருமகள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தங்கை பின்னாலேயே வந்து நின்றாள். கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

"ஏம்மா, படத்துல ஆளு குறுக்க நின்னா அந்தக் கம்ப்யூட்டர் என்ன பண்ணும்?"

"அழிச்சிடும் சித்தி. ஆளு ஒரு படத்துல இங்க நிப்பாங்க, இன்னொண்ணுல அங்க நிப்பாங்க. நிலையா நிக்கிறது எதுவோ அதை மட்டும் வச்சுக்கும்."

"மூஞ்சி தெரியாது?"

"யாரு மூஞ்சியும் தெரியாது. ஆறாயிரம் படத்துல எத்தனை பேரு இருந்தாங்க! ஒருத்தராவது திரையில தெரிஞ்சாங்களா?"

தங்கை இன்னொரு கிளிப்பை நீட்டினாள்.

"அப்ப யாரு கொடுத்தாங்கன்னும் தெரியாதுல்ல?"

மருமகள் கையிலிருந்த ஈரச் சட்டையைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். "சித்தி. உங்ககிட்ட இருக்கா?"

தங்கை ரவிக்கைக்குள்ளிருந்து தன் பழைய போனை எடுத்தாள். திரையின் ஒரு மூலை உடைந்திருந்தது. "நானூத்திப் பன்னெண்டு இருக்கு. எண்ணிட்டுத்தான் வந்தேன்."

மருமகள் விரலால் தள்ளிப் பார்த்தாள். முதல் படத்தில் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அப்படிச் சிரித்து மருமகள் பார்த்ததில்லை. பக்கத்தில் சந்தைப் பூட்டுக்காரர், மடியில் சாப்பாட்டு டப்பா. பின்னால், பிளாஷ் வெளிச்சத்தில், கல்வரிசை. அடுத்த படத்திலும் அவர்கள்தான். அடுத்ததிலும். சில படங்களில் தங்கை மட்டும் எழுந்து நின்றாள். சிலவற்றைத் தூரத்திலிருந்து, ஐஸ் பாக்டரி ஜன்னல் விளிம்பில் போனை வைத்து எடுத்திருந்தார்கள். படங்கள் போகப் போக இருவருக்கும் முடி நரைத்துக்கொண்டே வந்தது.

"வியாழக்கிழமை மத்தியானம் சந்தைக்கு அரை நாள் லீவு" என்றாள் தங்கை. "ஒரு மணிக்குப் போவோம். சாப்பிடுவோம். ஒரு படம் எடுத்துக்குவோம். ரெண்டு மணிக்கு அவரு அந்த வழியா, நான் இந்த வழியா. பதினொரு வருஷம். அதுக்குமேல ஒண்ணுமில்லம்மா."

"மாமாவுக்கு...?"

"பதினொரு வருஷத்துக்கு முன்னால அவரு நேரா வீட்டுக்கே வந்து கேட்டாரு. ஒரு தடவை கட்டி முறிச்சவனுக்கு என் தங்கச்சியக் கொடுக்க மாட்டேன்னு அண்ணன் வாசல்லயே வச்சு அனுப்பிட்டாரு. நானும் வாயத் தொறக்கல. தொறந்தா வீடு ரெண்டாயிடும்னு பயம்." அவள் போனை மருமகள் கையில் அழுத்தினாள். "எடுத்துக்கோ. எங்கள அழிச்சிடு. கல்லு நின்னா போதும்."

மருமகள் அன்று வேலைக்கு லீவு போட்டாள்.

மத்தியானத்துக்குள் பின்பக்கம் எழத் தொடங்கியது. இருட்டுச் சந்து என்பதால் படத்துக்குப் படம் பிளாஷ் போட்டிருந்தார்கள்; பக்கவாட்டில் விழுந்த வெளிச்சம், கரிக்கு அடியிலிருந்த உளிக்கோடுகளை நிழலாக எடுத்துக் காட்டியது. மருமகள் நிறத்தை எடுத்துவிட்டு நிழலை மட்டும் கூட்டினாள். கீழ்வரிசை முழுக்க மீன். அதற்கு மேல் முழுக்க ஏணி. அதற்கு மேல் சாவி.

"மாமா!" என்று அவள் போட்ட சத்தத்தில் மேஸ்திரி திடலிலிருந்து ஓடிவந்தார். இன்ஜினியரும் கூடவே வந்தார்.

மேஸ்திரி திரையில் வரிசை வரிசையாக விரலை ஓட்டி எண்ணினார். "வரிசைக்கு ஒரு கல்தச்சன் கூட்டம். மீன்காரங்க கூட்டம் அடிவரிசை, ஏணிக்காரங்க ரெண்டாவது. பதினொரு கூட்டம் சேர்ந்து கட்டியிருக்காங்க சார்! யாரு எந்த வரிசைய வெட்டுனாங்கன்னு பின்னால எழுதி வச்சிட்டுப் போயிருக்காங்க. மொட்டைன்னு எழுதுனானே அந்தப் புத்தகக்காரன், இங்க வந்து பாருடா!"

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். "இது பெரிய விஷயம் மேஸ்திரி. பல்கலைக்கழகத்துல சொன்னா ஓடி வருவாங்க. யாரு படம் இது?"

மருமகள் தரையைப் பார்த்தாள். "பேரு வேண்டாம்னு சொல்லிக் கொடுத்தாங்க."

"அது சரிப்படாதும்மா. யாரு எடுத்தது, எப்ப எடுத்ததுன்னு ஒவ்வொரு படத்துக்கும் எழுதணும். இல்லேன்னா கம்ப்யூட்டர்லயே வரைஞ்சதுன்னு ஒருத்தர் எழுந்து சொல்லிடுவாரு. அப்புறம் நான் என்ன பதில் சொல்றது?"

இன்ஜினியர் போனபின் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். ரொட்டியும் பருப்பும். மேஸ்திரி சந்தோஷத்தில் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். "யாருன்னு சொல்லும்மா. நானே அவங்க கையப் புடிச்சுக் கேக்கறேன். கால்ல வேணாலும் விழறேன். யாரு அந்தப் புண்ணியவான்?"

"நான்தான் அண்ணே" என்றாள் தங்கை.

மேஸ்திரி சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். தங்கை போனை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். முதல் படம் திறந்திருந்தது. அவர் கை கழுவாமலேயே, இடது கை விரலால் தள்ளினார். ஒன்று, இரண்டு, பத்து, இருபது.

"எத்தனை நாளா?"

"பதினொரு வருஷமா."

"என் கண்ணுல மண்ணத் தூவிட்டு."

"மண்ணத் தூவல. நீங்க அந்தப் பக்கம் வரவே இல்ல அண்ணே. அவ்வளவுதான்."

மேஸ்திரியின் மனைவி தண்ணீர்ச் செம்பைத் தட்டென்று வைத்தாள். "வியாழக்கிழமையானா ரெண்டு முட்டை கூடுதலா வேகவச்சுக் கொண்டுபோறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாடி? என்னைக்காவது கேட்டேனா?"

"உனக்கும் தெரியுமா!" என்றார் மேஸ்திரி.

"முட்டை தெரியும். யாருக்குன்னு தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம்னு இருந்தேன். நீங்க கத்துற கத்துக்கு யாரு வாயக் கொடுக்கிறது?"

மேஸ்திரி கத்தவில்லை. எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திடலுக்குப் போனார். அன்றும் மறுநாளும் வீட்டில் யாரோடும் பேசவில்லை. வேலையை மட்டும் விடவில்லை. மருமகள் நம்பர் சொல்ல, ஆட்கள் கல்லைப் புரட்ட, அவர் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு வளைவைப் படுக்கவைத்த மாதிரியே அடுக்கிக்கொண்டு போனார். மீன் வரிசை முடிந்தது. காகம் முடிந்தது. ஒவ்வொரு கல்லும் பொருந்தும்போது திடலில் ஒரு சத்தம் எழும். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள். சனிக்கிழமை அறுபது கல். ஞாயிறு எழுபத்தெட்டு.

திங்கட்கிழமை காலை வேலை நின்றது.

மேஸ்திரி சமையலறைக்கு வந்து மருமகள் தோளுக்குமேல் குனிந்தார். பின்பக்க வளைவின் இடது காலில், தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு, ஒரு வெள்ளை ஓட்டை.

"அது என்னம்மா அது? அங்க மட்டும் ஏன் விழல?"

மருமகள் தயங்கினாள். "அது... அவங்க உட்கார்ந்த எடம் மாமா. நானூத்திப் பன்னெண்டு படத்துலயும் அதே எடம். அவங்க எழுந்தா படத்துல டப்பாவும் பையும் சாத்தி வச்சிருக்கு. அவங்கள எடுத்துட்டா பின்னால என்ன இருந்துச்சுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியல."

மேஸ்திரி உற்றுப் பார்த்தார். ஓட்டைக்கு இரண்டு தலை இருந்தது. ஒன்று கொஞ்சம் உயரம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்து லேசாகச் சாய்ந்திருந்தன.

"எத்தனை கல்லு?"

"ஒன்பது. மூலையெல்லாம் உடைஞ்சுபோன ஒன்பது. எப்படி மாத்தி வச்சாலும் பொருந்துற மாதிரியே இருக்கு. அடையாளமும் பேந்துபோச்சு. இடது கால்தான் பாதிப் பாரத்தைத் தாங்குது, அங்க தப்பு பண்ணக்கூடாதுன்னு இன்ஜினியர் சொல்லிட்டாரு."

மேஸ்திரி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முன்னறையில் தங்கை ஒரு ஜன்னல் திரையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் அந்த வழியாக நடந்து, அவளைத் தாண்டி, வாசலுக்குப் போய், செருப்பை மாட்டிக்கொண்டார். இரண்டு காலிலும்.

பூட்டுக்காரரின் கடை ஓர் ஆள் திரும்பும் அகலம். சுவரெங்கும் சாவிகள். பூட்டுக்காரர் ஒரு பழைய இரும்புப் பெட்டியின் முன் முழங்காலிட்டு, காதைக் கதவில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, கம்பியால் உள்ளே துழாவிக்கொண்டிருந்தார். நிழல் விழுந்ததும் கண்ணைத் திறந்தார். எழுந்து நின்றார். கம்பி கையிலேயே இருந்தது.

"உட்காருங்க மேஸ்திரி" என்றார். உட்கார அங்கே எதுவும் இல்லை.

"நான் சண்டைக்கு வரல."

"தெரியும். சண்டைக்குன்னா முதல் நாளே வந்திருப்பீங்க."

மேஸ்திரி சுவரிலிருந்த சாவிகளைப் பார்த்தபடி பேசினார். "நீங்க ரெண்டு பேரும் சாஞ்சு உட்கார்ந்த எடத்துல ஒன்பது கல்லுக்கு எடம் தெரியல. படத்துல இல்ல. எனக்குத் தெரியாது. ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது. அந்தச் செவுரு எப்படி இருந்துச்சு?"

பூட்டுக்காரர் இடது தோளை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். "பார்த்துச் சொல்லத் தெரியாதுங்க. நாங்க செவுரப் பார்த்து உட்காரலியே. ஆனா முதுகுக்குத் தெரியும்."

"முதுகுக்கா?"

"இடது தோள்பட்டைக்குக் கீழ ஒரு குமிழ் குத்தும். இடுப்புகிட்ட உள்வாங்கி இருக்கும். வலது கைப்பக்கம், எட்டுற தூரத்துல, சுண்டுவிரல் போற மாதிரி ஒரு குழி. சாப்பிடும்போது சாவிக்கொத்த அதுலதான் சொருகி வைப்பேன்." அவர் கம்பியைக் கீழே வைத்தார். "பூட்டுக்குள்ள கண்ணு போகாது மேஸ்திரி. விரல்தான் போகும். தொட்டா நான் சொல்லிடுவேன்."

மேஸ்திரி அவர் முகத்தை முதல்முறையாக நேராகப் பார்த்தார். "அப்ப கடைய மூடுங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் திடலில் நிற்க இடமில்லை. ஐஸ் பாக்டரி ஆட்கள் கூரைமேல் ஏறியிருந்தார்கள். இன்ஜினியர் பைலோடு ஒரு பெட்டிமேல் நின்றார். மருமகள் மடியில் கம்ப்யூட்டர். ஒன்பது கற்களும் வரிசையாக நின்றன. பூட்டுக்காரர் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டு வந்திருந்தார். மேஸ்திரியின் மனைவி, தையல்காரம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டத்தின் முன்வரிசைக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

கையால் தொட்டுச் சொல்ல வேண்டியவற்றைப் பூட்டுக்காரர் சுலபமாகச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கல்லாகத் தடவினார். நான்காவது கல்லில் சுண்டுவிரல் உள்ளே போனது. "இது என் வலது பக்கம்." இரண்டு கல்லை ஒதுக்கினார், அவை தரையோடு இருந்தவை, எறும்பு ஏறும் விரிசல் உள்ளவை. வழவழவென்று இருந்த இன்னொன்றைத் தடவியதும், "இது அவங்க பக்கம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது. தையல்காரம்மா தலையைக் குனிந்தாள், ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மருமகள் ஒவ்வொன்றையும் திரையில் வைக்க வைக்க ஓட்டை சிறிதானது.

கடைசியாக மூன்று கல் மிஞ்சின. மூன்றிலும் குமிழ் இருந்தது. கைக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன.

"சாஞ்சுதான் பார்க்கணும்" என்றார் பூட்டுக்காரர் மெதுவாக.

மூன்றையும் சங்கிலியில் தூக்கி, பின்னால் முட்டுக் கொடுத்து, சுவரில் இருந்த உயரத்துக்கு நிறுத்தினார்கள். பூட்டுக்காரர் முதல் கல்லின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தார். முதுகு கல்லில் பட்டும் படாமலும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்திருந்தார்.

"என்ன?" என்றார் மேஸ்திரி.

"தெரியலைங்க."

இரண்டாவது கல். "இதுவும் தெரியல." மூன்றாவதிலும் அதே நிமிர்வு, அதே பதில். கழுத்தில் வியர்வை வழிந்தது. இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மேஸ்திரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். ஒரு தடவை தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன அங்க நிக்கிற?" என்றார் அவர். அவளிடம் எட்டு நாளில் பேசிய முதல் வார்த்தை. "தனியா உட்கார்ந்து பழக்கமா அவருக்கு? போய்ப் பக்கத்துல உட்காரு."

தையல்காரம்மா நடந்து போனாள். மூன்றாவது கல்லின் முன், பூட்டுக்காரருக்கு இடதுபக்கம், புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் இன்னும் விறைத்துக்கொண்டுதான் இருந்தார்.

"இப்படி வெறச்சுக்கிட்டு உட்கார்ந்தா எப்படித் தெரியும்?" என்று மேஸ்திரி ஒரு சத்தம் போட்டார். "நல்லா சாஞ்சு உட்காருங்க, மாப்பிள்ளை!"

கூரைமேல் இருந்தவர்கள்கூட அசையவில்லை. மேஸ்திரிக்கே தான் சொன்னது ஒரு கணம் கழித்துத்தான் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே இறுக்கியிருந்த சங்கிலியை மறுபடி இறுக்கினார்.

பூட்டுக்காரர் கண்ணை மூடினார். தோள்கள் இறங்கின. முதுகு கல்லில் முழுவதுமாகச் சாய்ந்தது; தலை தானாக அவள் பக்கம் லேசாகத் திரும்பியது. இடது தோளைக் கொஞ்சம் மேலே ஏற்றி, கொஞ்சம் கீழே இறக்கினார்.

"இதுதான்" என்றார். "இதுதாங்க."

மருமகள் கல்லைத் திரையில் இழுத்து வைத்தாள். பக்கத்துக் கல்லின் உளிக்கோடு இதன் உளிக்கோட்டில் வந்து சேர்ந்தது. மற்ற இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தானாக இடம் பிடித்தன. வெள்ளை எங்கும் இல்லை. அவள் கம்ப்யூட்டரைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். சந்தையே கத்தியது. யாரோ தராசுத் தட்டைத் தட்டினார்கள். மறுநாள் நகரசபையில் எல்லாக் கைகளும் உயரப்போகின்றன என்பது இன்ஜினியருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பெட்டிமேல் நின்றபடியே பைலில் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை மூடாமல் குனிந்து, "படம் கொடுத்தவங்கன்னு யாரு பேரை எழுதறது மேஸ்திரி?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரையும் எழுதுங்க" என்றார் மேஸ்திரி. "சேர்த்தே எழுதுங்க."

கல்லில் சாய்ந்திருந்த இருவரும் இன்னும் எழுந்திருக்கவில்லை. யாரும் அவர்களை எழுந்திருக்கச் சொல்லவும் இல்லை.